பாதை மெம்பர்

1991ஆம் ஆண்டுப் பிரதேச சபைத் தேர்தலில் ஆண்டியப்பன் வேட்பாளரானதற்குக் காரணம், அவரிடம் எல்லாப் பத்திரங்களும் சரியாக இருந்ததுதான். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் கொண்டைமலைத் தோட்டத்தில் அப்போது தொழிற்சங்கத்துக்கு மூன்று தலைவர்கள். மூவரிலும் நன்றாகப் பேசுகிறவர் வீரய்யா. ஒரு சத்தம் கொடுத்தால் ஆட்களைத் திரட்டிவிடுகிறவர் இராமையா. ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போவார். ஆனால் வீரய்யாவின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய அப்பாவுக்கு ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருந்தன. இராமையாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹட்டனிலிருந்து வந்திருந்த சங்கக்காரர் மறுநாள் காலைக்குள் ஒரு பெயரைக் கொண்டுபோயாக வேண்டும். ஆண்டியப்பன் தன் பத்திரங்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் மடிக்காமல் வைத்திருந்தார்.

“அண்ணே, நீங்கதான்” என்றார் சங்கக்காரர்.

“எனக்குப் பேச வராதுங்களே.”

“பேசறதுக்கு நாங்க இருக்கோம். நீங்க நின்னாப் போதும்.”

நின்றார், வென்றார். அந்த ஆண்டில் தொடங்கி 2006 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் வென்றார். தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதோடு நின்றது. எல்லோருக்கும் அவர் மெம்பர்.

நான் அந்தச் சபையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தது 2003இல். சிங்களப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரையிலும் பிறகு தமிழிலும் படித்திருந்தபடியால், கூட்ட நாட்களில் தமிழ் உறுப்பினர்களுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சிங்களத்தில் பேசுவதை அவர்கள் காதுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு நடந்ததை ஆண்டியப்பனும் அவருடைய மனைவி அம்மாக்கண்ணுவும் சொல்லித் தெரிந்துகொண்டேன். மிச்சம் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களில் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு பாதை கேட்டிருக்கிறார். பசாரிலிருந்து மேலே ஏறும் தார் ரோட்டு தோட்டத்தின் எல்லைக்கல்லோடு முடிந்துவிடும். கல்லுக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். அங்கிருந்து மேல் டிவிசன் லயங்களுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நானூறு யார் தூரம் செங்குத்தான ஏற்றம். மழை பெய்தால் அது பாதையாக இருக்காது, ஓடையாக இருக்கும். கொழுந்து மூட்டை அந்த வழியாகத்தான் இறங்கும். நோயாளியும் அந்த வழியாகத்தான் இறங்குவார், சாக்கில் கட்டித் தூக்கி. நானூறு யாருக்குக் கொங்கிறீட் போட வேண்டும் என்று ஆண்டியப்பன் எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

சபைச் செயலாளர் பொறுமையாகப் பதில் சொன்னாராம். தோட்டம் சபைக்குரிய நிலம் அல்ல. சட்டப்படி தோட்டக் காணிக்குள் சபையின் பணத்தில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாது. நிர்வாகம் அந்தப் பாதையைச் சபைக்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் பார்க்கலாம்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகும் ஆண்டியப்பன் உட்காரவில்லை.

“அப்ப எனக்கு ஓட்டுப் போட்டவங்க எல்லாம் எங்க இருக்காங்க?”

“தோட்டத்துக்குள்ளதான்.”

“நான் எங்க வேலை செய்யலாம்?”

“தோட்டத்துக்கு வெளியில.”

சபை சிரித்தது. அவரும் சிரித்திருக்கிறார். சட்டத்தில் அப்படி எழுதியிருப்பார்கள் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவர்கள் தன்னை அலைக்கழிக்கிறார்கள் என்றே அன்றைக்கு நினைத்ததாக என்னிடம் சொன்னார். சட்டம் அப்படித்தான் இருந்தது.

ஆகவே அவர் வெளியில் வேலை செய்தார். பசாரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கூரை போட்டார். பொதுக் கழிப்பறை கட்டினார். ரோட்டோரம் எல்லைக்கல் வரைக்கும் மின்விளக்குப் போட்டார். வாக்குப் போட்ட மேல் டிவிசன்காரர்கள் அவற்றையெல்லாம் பசாருக்குச் சாமான் வாங்கப் போகும்போது பார்த்தார்கள்.

“மெம்பரு லைட்டு கல்லு வரைக்கும் நல்லா எரியுது” என்பார் வீரய்யா, நாலு பேர் கூடியிருக்கும்போது. “கல்லுலேர்ந்து லயத்துக்கு நாங்க மின்மினி புடிச்சிக்கிறோம்.”

“பாதைக்குக் கேட்டிருக்கேன் வீரய்யா.”

“கேளுங்க, கேளுங்க. எம்பேரன் காலத்துல வரட்டும்.”

கேட்டார். ஒவ்வொரு மாதமும் கேட்டார். மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை சபை கூடும். கடைசி விடயமாக அந்தப் பிரேரணை வரும். குறிப்புப் புத்தகத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது: தனியார் காணியாகையால் நடவடிக்கை எடுக்க முடியாது, நிர்வாகத்துக்கு மீண்டும் கடிதம் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது. எழுத்து மட்டும் மாறியிருந்தது, எழுதுவினைஞர்கள் மாறியதால். 2003க்குப் பிறகு அது என் எழுத்து. சபையில் அவருக்குப் பாதை மெம்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதை வந்தால் கூட்டம் முடிந்தது என்று பொருள். சிலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

இந்த வாழ்க்கையில் அவர் இரண்டு தடவை தன் வீட்டுப் பெயரைத் தானே விலக்கிக்கொண்டார். முதலாவது 1993இல். தோட்டம் கம்பெனியின் கைக்குப் போன மறுவருடம் சங்கம் அவரை முழுநேரப் பிரதிநிதியாக்கியது. ஹட்டன் காரியாலயத்தில் ஒரு மேசை. தோட்டத்து செக்ரோலில், அதாவது வேலைக்குப் பதிந்தவர்களின் பட்டியலில், அவர் பெயர் இன்னமும் இருந்தது. லீவில் இருப்பதாகப் போட்டுவைக்கலாம் என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் சொன்னார்.

“வேணாங்க. பேரை வெட்டிருங்க.”

“யோசிச்சிச் சொல்லுங்க மெம்பர்.”

“யோசிச்சாச்சு. இருபத்தஞ்சு வருசமா யோசிச்சேன்.”

மறுநாள் காலை, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்துக்கு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கையில் ஒரு பெட்டி இனிப்பு. எல்லோருக்கும் கொடுத்தார், கணக்கப்பிள்ளைக்கும். எல்லோரும் மலைக்குப் போன பிறகு களத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றதாகவும், அந்த மாதிரி ஒரு காலை தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்றும் சொன்னார்.

அம்மாக்கண்ணு அன்றைக்கும் கூடையோடு வரிசையில்தான் நின்றாள். இனிப்பை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, “உங்க பேரு போயிருச்சு. காம்பரா இனி எம்பேர்லதான் நிக்குது. ஞாபகம் வச்சிக்கங்க” என்றாளாம்.

காம்பரா என்பது அவர்கள் இருந்த லயத்து அறை. முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, ஓர் அறை, பின்னால் சமைக்க ஒட்டிய குசினி. அது தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில் இருக்கும் வரைக்கும் அது அவர்களுக்கு. மெம்பர் அதை மறந்தாரா, பெரிதாக நினைக்கவில்லையா என்று தெரியவில்லை. தனக்கு நாற்பத்தி மூன்று வயது, அவளுக்கு நாற்பத்தி ஒன்று, காலம் கிடக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னார்.

இரண்டாவது தடவை 1998இல். மேல் டிவிசனுக்கு இருபது தனி வீடுகள் வந்தன. ஏழு பேர்ச் நிலம், கல் சுவர், சொந்தப் பெயருக்கு. யாருக்கு என்று பட்டியல் எழுதுவதைச் சங்கம் மெம்பரிடம் விட்டது. ஒரு வாரம் லயம் லயமாகப் போய் எழுதினார். பிள்ளைகள் அதிகமான வீடு, கூரை ஒழுகும் வீடு, விதவைகள். வீரய்யாவுக்கும் ஒன்று. அம்மாக்கண்ணுவின் பெயரை எழுதவில்லை. பட்டியல் காரியாலயத்துக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

“இருவது பேரு எழுதத் தெரிஞ்ச கைக்கு எம்பேரு எழுதத் தெரியாதா?”

“மெம்பரு தனக்கே எழுதிக்கிட்டான்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். சொல்றவங்களா வந்து நம்ம ஒழுகலுக்குச் சட்டி வைக்கப் போறாங்க?”

“ரெண்டாவது லிஸ்ட்டு வருது. அதுல மொதப் பேரு உன்னுது.”

இரண்டாவது பட்டியல் வரவில்லை. ஹட்டனில் கேட்கும் போதெல்லாம் அடுத்த வருடம் என்றார்கள். அந்த இருபது வீட்டுக்காரர்களும் அடுத்த தேர்தலில் அவருக்கே வாக்குப் போட்டார்கள். சுவருக்கு நீலச் சாயம் பூசி, வாசலில் ரோசாச் செடி வைத்துக்கொண்டார்கள். மெம்பர் வாக்குக் கேட்டு அந்த வாசல்களில் நின்றபோது உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள்.

தோட்டத்தில் ஆண்டியப்பனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. செக்ரோலில் பெயர் இல்லாதவரைத் தோட்டத்தை நடத்தும் துரையால் என்ன செய்ய முடியும்? இதை அவர் பெருமையாகவே நினைத்திருந்தார். 1999இல் கம்பெனி பாதையை எழுதித் தர மறுப்பதைப் பற்றி அவர் சபையில் கொஞ்சம் சூடாகப் பேசியது பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு அம்மாக்கண்ணுவை ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். ஆக உயரம், ஆகத் தூரம், காட்டோரம். அவள் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் கால் கழுவும்போது கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அட்டை கடித்த தடங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“எப்பலேர்ந்து ஏழாம் நம்பரு?”

“நீங்க பேப்பர்ல வந்ததுலேர்ந்து.”

அடுத்த இரண்டு கூட்டங்களில் பாதைப் பிரேரணை இல்லை. குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு முதலில் காரணம் தெரியவில்லை. அவருடைய பதினாறு வருடத்தில் இடைவெளி அந்த இரண்டு மாதம்தான். மூன்றாம் மாதம் அவளே கேட்டிருக்கிறாள்: “என்னாங்க, பாதைய விட்டுட்டீங்களா? ஏழாம் நம்பர்லேர்ந்தும் அந்த வழியாத்தான எறங்கணும்.”

2005 ஐப்பசி மழையில், நிறைமூட்டையோடு அவள் அந்த இறக்கத்தில் விழுந்தாள். வலது முழங்கால். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டார்கள். எழுந்து நடந்தாள், ஆனால் மலை ஏறும் நடையாக அது திரும்பவில்லை. இரண்டு வருடம் ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொழுந்து கிள்ளினாள். 2007 ஆவணியில் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. ஆபீசிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. மெம்பர் அதைச் சபைக்கு எடுத்து வந்து என் மேசையில் வைத்தார்.

“என்னா எழுதியிருக்கு தங்கச்சி?”

படித்துச் சொன்னேன். வயதும் உடல்நிலையும் கருதி மாத முடிவோடு அம்மாக்கண்ணுவின் பெயர் செக்ரோலிலிருந்து நீக்கப்படும். குடும்பத்தில் வேறு யாரும் பதிவில் இல்லாதபடியால், மேல் டிவிசன் நான்காம் லயம் ஆறாம் காம்பராவை மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் பதிந்தால் அது பொருந்தாது.

“கடைசி வரிய இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். குடும்பத்தில் மிச்சம் இருந்தது ஒரே மகள், ஜீவராணி. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது இருபத்தொரு வயது. உயர்தரம் பாஸ் பண்ணி, தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கும் பரீட்சையும் எழுதி, நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வருமென்று காத்திருந்தாள். அந்த லயத்தில் உயர்தரம் முடித்த முதல் பெண் அவள்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “தொரையப் பாக்கணும். நீயும் வாம்மா. அந்தாளு சிங்களத்துல பேசினா எனக்குப் பாதி புரிஞ்ச மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து.”

துரை நல்ல மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். வயது முப்பத்தைந்துதான் இருக்கும். மெம்பரைப் போன்ற ஒருவரை வெளியே அனுப்புவதில் தனக்கு விருப்பமே இல்லை என்றார். சட்டப்படி என்று எதையும் எழுத முடியாது. ஆனால் தன் தனிப்பட்ட அனுமதியில் காம்பராவிலேயே இருக்கலாம். ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் மறுபடியும் பார்க்கலாம், அதற்கடுத்த வருடமும் பார்க்கலாம். பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, அந்தப் பாதை விடயம் மாதாமாதம் வரத்தான் வேண்டுமா, கம்பெனியின் கொழும்புக் காரியாலயத்தில் தன்னிடம் கேட்கிறார்கள் என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன வரிசையிலேயே சொன்னேன்.

மெம்பர் தேநீரைக் குடித்து முடித்தார். “தொரைக்கு நன்றின்னு சொல்லு. யோசிச்சிட்டு வாரேன்னு சொல்லு.”

வெளியே வந்ததும் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். தோட்டங்களில் அப்போது ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். இளையவர்கள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். ஆண், பெண் இருபாலாரும் பெயர் பதியலாம், அறுபது வயதுக்குட்பட்டவர்கள், உடனடியாக வேலை. படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதைத் தமிழிலும் ஒட்டியிருந்தார்கள், பக்கத்திலேயே. பார்த்திருப்பார். இரண்டிலும் ஒன்றுதான் எழுதியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டார் போலிருக்கிறது.

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததை ஜீவராணி பிறகு என்னிடம் சொன்னாள். கடிதத்தைப் படித்துவிட்டு அவளே முதலில் பேசியிருக்கிறாள்.

“நான் பதிஞ்சிக்கிறேன்பா. நேர்முகத்துக்குக் கடிதம் வந்தா அப்பப் பாத்துக்கலாம்.”

“கடிதம் வந்தா என்னா செய்வ?”

“போவேன்.”

“போனா ஓம்பேர வெட்டுவான். பேர வெட்டுனா காம்பரா போயிரும். அம்மா இந்தக் காலோட எங்க போவான்னு யோசிப்ப. யோசிச்சிட்டுப் போகமாட்ட. எனக்குத் தெரியாதா ஒன்னய?”

அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து, “தொரைதான் இருக்கச் சொல்லிட்டாரே. ஒரு வருசம் இருப்போமே. பாதைய நீங்க பதினாறு வருசமாக் கேட்டாச்சு. கெடைக்கலைன்னு யாரும் ஒங்களக் கொறை சொல்லப் போறதில்ல” என்றாளாம்.

“ஒரு வருசத்துக்கு ஒருக்கா நான் போயி அந்த நாக்காலியில ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கணும். அதான?”

“குடிங்களேன். தேத்தண்ணிதான.”

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தார். ஜீவராணி தனக்காக எடுக்கிறார் என்று நினைத்துத் தன்னுடையதையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் அதை வாங்கித் திரும்ப டின்னுக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் ஆபீசில் அதே கிளாக்கர். தலை நரைத்திருந்தார். “மகளக் கூட்டிக்கிட்டு வரலையா மெம்பர்? கையெழுத்துப் போடணுமே.”

“மக எதுக்கு? பேரு எம்பேருதான். அம்பத்தேழாகுது. அறுவதுக்கு உள்ளதான?”

கிளாக்கர் பேனாவை வைத்துவிட்டார். “மெம்பர், நான் அன்னைக்கே சொன்னேன்.”

“ஆமா, சொன்னீங்க. இப்ப எழுதுங்க.”

ஆள் வேண்டும் என்று சுவரில் ஒட்டியவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. துரைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

பெரட்டுக்களத்தில் முதல் நாள் கணக்கப்பிள்ளைக்குத்தான் சங்கடம். வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் நின்று, “மெம்பர்... ஆண்டியப்பன்” என்றார்.

“இருக்கேங்க.”

வரிசையின் மறுகோடியிலிருந்து வீரய்யா குரல் கொடுத்தார். “கணக்கப்பிள்ள, கூட்டத்துக்குத் தலைமை யாருன்னு கேட்டுக்கங்க. மெம்பரு வந்திருக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை, “மெம்பருக்குக் கான் வெட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால்களை வெட்டித் துப்புரவாக்கும் வேலை அது. கையில் மண்வெட்டி கொடுத்தார்கள். சற்று நேரம் கழித்து, சிரித்தவர்களில் ஒருவர் வந்து, அவருடைய பங்கில் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வீரய்யாதான் அது என்று அம்மாக்கண்ணு சொன்னாள். மெம்பர் அதைச் சொல்லவில்லை.

அவர் மேசையை விட்டுவந்த ஹட்டன் காரியாலயத்திலிருந்து அந்த வாரமே பசார்க் கடைக்குத் தொலைபேசி வந்தது. அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“என்னாண்ணே, சங்கத்து மானத்தக் கொண்டுபோயிக் கான்ல போட்டுட்டீங்களே!”

“ஒரு வீடு குடுங்க தம்பி. இப்பவே ஏறிடறேன்.”

மறுமுனையில் அடுத்த வருடம் என்றார்கள்.

காம்பரா தங்கியது. புரட்டாசியில் ஜீவராணிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது, போனாள். தை மாதம் டயகமவில் ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. அங்கே இன்னொரு ஆசிரியையோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை வருவாள். அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். ரெண்டு பேரு படுக்கிற எடத்துல நாலு பேரா என்று அவர் கேட்டார்.  அறுபதுக்குப் பிறகு என்ன என்று அம்மாக்கண்ணு கேட்டதற்கு, அறுபது வரட்டும் என்றார்.

சபைதான் கஷ்டமாகிவிட்டது. கூட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வேலை நாள். போவதற்குத் துரையிடம் லீவு கேட்க வேண்டும். முதல் மாதம் துரை கொடுத்தார். மெம்பர் கையிலும் நகத்திலும் மண் நிறத்தோடு வந்து உட்கார்ந்து, எழுந்து, கம்பெனி பாதையை எழுதித் தரவேண்டும் என்ற பிரேரணையைப் படித்தார். லீவுத் துண்டில் கையெழுத்துப் போட்டவருக்கு எதிரான பிரேரணை. சேர்மன், தவிசாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், குறும்பாகக் கேட்டார்: “நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பவா, இல்லை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களா?” நான் அதைத் தமிழில் சொன்னேன். மெம்பர் சிரித்தார். “அனுப்புங்க. நான் குடுத்தா அரை நாள் வேலை கெட்டுப்போகும்.”

அடுத்த மாதம் லீவு கிடைக்கவில்லை. கொழுந்து மும்முரம், யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். கான் வெட்டுகிறவருக்குக் கொழுந்து மும்முரம் எப்படி என்று கேட்கலாம். கேட்கவில்லை. லீவில்லாமல் கூட்டத்துக்குப் போனால் பெயரை வெட்டலாம் என்பது அவருக்குத் தெரியும். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

அனுமதியில்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் ஆசனம் வெறுமையாகும் என்பது விதி. இரண்டு போய்விட்டன. மூன்றாவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, நான் மேல் டிவிசனுக்குப் போனேன். அந்த ஏற்றத்தை ஏறி முடிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது. மெம்பர் இஸ்தோப்பில் உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளத்தில் அம்மாக்கண்ணு தேங்காய் எண்ணெய் தடவக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

விதியைச் சொன்னேன். முன்கூட்டியே கடிதம் கொடுத்துச் சபையின் அனுமதி பெற்றால் ஆசனம் போகாது என்றும் சொன்னேன்.

“மூணாவது கூட்டத்துக்கு லீவு தருவாரான்னு கேட்டுப் பாத்தீங்களா?”

“கேட்டேன். வியாழக்கிழமை தவிர எந்த நாளும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாரு.”

“விட்டுத் தொலைங்களேன் மெம்பர், அந்தச் சபைய” என்றாள் அம்மாக்கண்ணு. அவளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தால்.

“விட்டா வேற யாராவது வருவாங்க. அவங்க பாதையக் கேக்கமாட்டாங்க.”

“இப்ப மட்டும் யாரு கேக்குறா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம், “எழுதும்மா” என்றார்.

நான் தாளை முழங்காலில் வைத்துச் சிங்களத்தில் எழுதினேன். தவிசாளர் அவர்களுக்கு, எதிர்வரும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குச் சமுகமளிக்க இயலாமைக்கு அனுமதி வேண்டுகிறேன். காரணம் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

“காரணம் என்னன்னு போடட்டுங்க? சுகமில்லைன்னு போடலாமா?”

“ஏன்? நல்லாத்தான இருக்கேன். வேலைன்னு போடு.”

“வேலைன்னு மட்டுமா?”

“கொண்டைமலைத் தோட்டத்துல வேலைன்னு போடு.”

போட்டேன். கையெழுத்திட்டார். எண்ணெய்க் கையானதால் தாளில் விரல் அடையாளம் விழுந்தது. அம்மாக்கண்ணு முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.

வியாழக்கிழமை சேர்மன் கடிதத்தை உரக்க வாசித்தார். காரணத்தை வாசித்ததும் சிலர் சிரித்தார்கள், ஒருவர் நம்பமுடியாததுபோலத் தலையை ஆட்டினார். அனுமதி ஏகமனதாக வழங்கப்பட்டது. ஐந்து மணிக்கு அவர் வேலை முடிந்து திரும்பும் நேரம் பார்த்து மடுவத்துக்குப் பக்கத்தில் காத்திருந்து விடயத்தைச் சொன்னேன்.

“ஆசனம் இருக்கா?”

“இருக்குங்க.”

“பாதை வந்துச்சா?”

“இல்லைங்க. முன்மொழிய ஆளில்லாம அடுத்த விசயத்துக்குப் போயிட்டாங்க.”

“யாருமே கேக்கலியா?”

“சேர்மன் கேட்டாரு. பாதை மெம்பர் இல்லையா, அப்ப இன்னைக்குச் சீக்கிரமா வீட்டுக்குப் போகலாம்னாரு.”

மெம்பர் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார். மேலே லயத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

“அடுத்த மாசத்துக்கும் சேத்து இப்பவே எழுதி வச்சிரும்மா” என்றார். “ஒவ்வொரு தடவையும் நீ இந்த மேட்ல ஏற வேணாம்.”

காரணம் என்ன எழுதுவது என்று நான் கேட்கவில்லை.